தயானியின் காதும் பிரதேச சபையும்

எங்கள் மகள் தயானிக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. ஏன் என்று கேட்டால் பிரதேச சபைத் தேர்தல் என்றுதான் சொல்லவேண்டும். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன. எனக்குத்தான் அத்தனை வருஷமும் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஜீவராணி. கொட்டகலைக்கு மேலே ஊசிக்கல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். எங்கள் தோட்டத்தில் இரண்டு பிரிவு. பிரிவைக் கணக்கு என்போம். நான் பிறந்தது கீழ்க்கணக்கில், வாழ்க்கைப்பட்டது மேற்கணக்கில். இரண்டுக்கும் நடுவே மலையைச் சுற்றி ஒரு பாதை ஓடுகிறது. மழைக்காலத்தில் நிஜமாகவே ஓடும். கொட்டகலையிலிருந்து வருகிற த்ரீவீல்காரர்கள் மாரியம்மன் கோயில் வளைவோடு நிறுத்திவிட்டு, "இறங்கி நடங்க அக்கா, இதுக்கு மேல வண்டி தாங்காது" என்பார்கள். பிள்ளைத்தாச்சியாக இருந்தாலும் அதே பதில்தான்.

என் வீட்டுக்காரர் கஜேந்திரன் மேற்கணக்கின் தொழிற்சங்கத் தலைவர். என் அண்ணன் கணேசமூர்த்தி கீழ்க்கணக்கின் தலைவர். முன்பு இரண்டு பேரும் ஒரே சங்கத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு மேலிடத்தில் யாருக்கோ யாரையோ பிடிக்காமல் போய்ச் சங்கம் இரண்டாகப் பிளந்தது. மேற்கணக்கு குடைச் சின்னத்தோடு போனது, கீழ்க்கணக்கு சாவிச் சின்னத்தோடு போனது. எங்கள் வட்டாரத்துக்குப் பிரதேச சபையில் ஒரே ஓர் இடம். போன தேர்தலில் அந்த ஓர் இடத்துக்குக் குடையில் என் வீட்டுக்காரரும் சாவியில் என் அண்ணனும் நின்றார்கள். மேலே இருக்கிறவர்கள் எல்லாம் குடைக்குப் போட்டார்கள், கீழே இருக்கிறவர்கள் எல்லாம் சாவிக்குப் போட்டார்கள். கடைவீதி ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஹார்ட்வெயார் கடை மகாலிங்கம் முதலாளி நடுவில் நுழைந்து ஜெயித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஓட்டு எண்ணி முடிந்த இடத்தில், ஊர் ஜனம் முழுக்கக் கேட்கும்படி அண்ணன் சொன்னார்: "எந் தங்கச்சியவே குடுத்தேன். எனக்கு ஒரு ஓட்டுக் குடுக்க மனசு வரலயே இந்த ஆளுக்கு."

என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் தலைவராக ஆகியிருக்கமாட்டார். "பொண்ணு கட்டுனதுக்கு நான் ஓட்டையும் சேத்துச் சீதனமா குடுக்கணுமோ?" என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அன்றிலிருந்து அண்ணன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை, இவரும் கீழ்க்கணக்கு லயத்து வீடுகள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான் அப்போது வயிற்றில் தயானியை வைத்துக்கொண்டு நின்றேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அது எங்கள் வழக்கம். "அட்டன்ல ஒன் பெரியப்பா மகன் இருக்காரே, அவரும் மாமன் முறைதானே, கூப்புடு" என்பார் இவர். கூடப் பிறந்தவன் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது நான் ஏன் அட்டனிலிருந்து மடியை வரவழைக்கவேண்டும்? முடியாது என்றுவிட்டேன். அடுத்த தேர்தல் வந்தால் கோபம் தணியும் என்று பார்த்தேன். தேர்தலையும் வைக்கிறோம் வைக்கிறோம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். தயானி பால்பல் விழுந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். டொபி மிட்டாய் சுற்றிவருகிற மினுக்குத் தாளைக் கிழித்து, எச்சில் தொட்டுக் காதில் ஒட்டிக்கொண்டு போவாள். பின்னேரம் திரும்பி வரும்போது ஒரு காதில் இருக்கும், மற்றதில் இருக்காது.

ஒருவழியாகத் தேர்தல் வந்தது. திரும்பவும் குடைக்கு இவர், சாவிக்கு அண்ணன், நடுவில் முதலாளி. படம் பழசு, போஸ்டர்தான் புதுசு.

அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து. தூறல் விட்டு விட்டுப் பெய்தது. பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த மீனம்மா அக்கா வாயைத் திறந்தார். அவருக்குக் கையும் வாயும் ஒரே வேகம்.

"நேத்து நம்ம லயத்துக்கு ரெண்டு கட்சிக்காரனும் வந்தான் ஜீவா. ஒருத்தன் பாதை போட்டுத் தர்றேங்குறான். இன்னொருத்தன் நல்ல பாதையா போட்டுத் தர்றேங்குறான். குடைய நம்பி நனைஞ்சதுதான் மிச்சம். அந்தச் சாவியும் எந்தப் பூட்டையும் தொறக்கல. எனக்கு யாருக்கும் போடப் புடிக்கல. பேசாம வீட்டுலயே படுத்துக்கப் போறேன்."

"படுத்தா முதலாளிக்குத்தானே நல்லது" என்றேன்.

"எந்திரிச்சுப் போனா மட்டும்? அவருதானே வர்றாரு."

அப்போதுதான் எதிரே இராஜகுமாரியின் நிரையைக் கவனித்தேன். அவளுக்கு முதுகுவலி, பின்தங்கிவிட்டாள். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி அவளுடைய செடியிலும் பறித்து அவள் கூடையில் போட்டுக்கொண்டு போனார்கள். மலையில் இது நாள்தோறும் நடப்பதுதான். கைகொடுப்பது என்போம். பின்தங்கினவள் கேட்கவும் மாட்டாள், கொடுத்தவள் சொல்லிக்காட்டவும் மாட்டாள். எனக்குப் பட்டென்று ஒன்று தோன்றியது.

"அக்கா, நாம ஓட்டுல கைகுடுத்தா என்ன?"

"எப்புடி?"

"மேற்கணக்குப் பொம்பளைங்க எல்லாம் இந்தத் தடவ சாவிக்குப் போட்ருவோம். ரெண்டு கணக்கு ஓட்டும் ஒரே பக்கம் விழுந்தா முதலாளி எங்க நிப்பாரு?"

மீனம்மா அக்காவின் கை நின்றது. "ஏன்டி, ஒம் புருஷன் குடையில நிக்கிறாரு. அப்ப அவங்களக் குடைக்குப் போடச் சொல்ல வேண்டியதுதானே?"

"கீழ்க்கணக்கு ஆளுங்களா? எங்க அண்ணன் பேச்சத் தட்டுவாங்களா? அவங்க மாறவே மாட்டாங்க அக்கா. யாராச்சும் மாறணும்னா நாமதான் மாறணும்."

இதைச் சொன்னபோது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். பாதைக்காக என்றுதான் சொன்னேன். உள்ளுக்குள் தயானியின் காதுதான் இருந்தது. அண்ணன் ஜெயித்தால் மேற்கணக்கு ஓட்டில் ஜெயித்ததாகத் தெரியும். நன்றி சொல்லவாவது மேலே ஏறி வருவார். வந்தால் விடுவேனா, கையைப் பிடித்து மடியில் பிள்ளையை உட்காரவைத்துவிடமாட்டேனா!

சாப்பாட்டு நேரத்தில் விஷயம் எல்லா நிரைக்கும் போய்விட்டது. ஆச்சரியம், ஒருத்தியும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு வெறுத்துப்போயிருந்தது. மலை ஓரத்தில் நாங்கள் கும்பிடுகிற கொழுந்துச்சாமி கல்லின்மேல் கைவைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தோம். புருஷனிடமும் சொல்லக்கூடாது, கீழ்க்கணக்குக்கும் தெரியக்கூடாது. கீழே தெரிந்தால் அண்ணன் காதுக்குப் போகும், அங்கிருந்து கட்சிக்குப் போகும், கட்சியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

பிறகு என் பாடுதான் பெரும்பாடு. பொழுது சாய்ந்தால் இவர் எங்கள் லயத்துக் காம்பராவுக்குள், அந்த ஓர் அறைக்குள், அங்குமிங்கும் நடந்து பேசிப் பழகுவார். "அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே" என்று என் அடுப்பைப் பார்த்துச் சொல்வார். நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்பேன். நன்றாகத்தான் பேசினார். செய்ய முடியாத எதையும் செய்வதாகச் சொல்லவில்லை. பாவமாக இருந்தது. அதற்காக ஒரு ரொட்டி கூடுதலாக வைத்தேன், ஓட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

தேர்தல் அன்று காலையிலேயே மேற்கணக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றோம். கீழ்க்கணக்குக்காரர்களுக்கு கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற அவர்களுடைய பிள்ளைக்காம்பராவில் வாக்குச்சாவடி. சீட்டை விரித்தேன். நல்ல வேளை, அதில் ஆள் பெயர் இல்லை, கட்சியும் சின்னமும் மட்டும்தான். கஜேந்திரன் என்று எழுதியிருந்தால் பேனா அந்தப் பக்கம் போயிருக்கும். சாவிக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு நிமிர்ந்து வெளியே வந்தேன். வாசலில் இவர் நின்று, சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். வீட்டில் தயானி என் சுண்டுவிரல் மையைத் தடவிப் பார்த்து, "அம்மா, இதக் காதுல வச்சா போகாதுல்ல?" என்று கேட்டாள்.

அந்தந்த இடத்திலேயே எண்ணினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இவர் வீட்டுக்கு வந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"மேற்கணக்குல சாவி முதல்ல வந்திருக்கு ஜீவா. என் கணக்குல! நான் ரெண்டாவது."

"ஐயய்யோ" என்றேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். "அப்ப மொத்தத்துல அண்ணன் ஜெயிச்சிட்டாரா?"

"எங்க ஜெயிச்சாரு? கீழ்க்கணக்குல குடை முதல்ல வந்திருக்கு. அவரு அங்க ரெண்டாவது. திரும்பவும் முதலாளிதான் மெம்பர்."

கீழ்க்கணக்கில் குடையா? அங்கே யார் குடைக்குப் போட்டது? அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இத்தனை நெஞ்சழுத்தத்தோடு புருஷனுக்கு எதிராகப் போய்ப் போட்டுவிட்டு வந்தால், மேல் ஓட்டு கீழேயும் கீழ் ஓட்டு மேலேயுமாகப் போய், முடிவு ஒன்றும் மாறாமல் அப்படியே இருக்கிறது. இவர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். ரொட்டி அடுப்பில் கருகியது.

மறுநாள் காலை வாசலில் நிழல் தட்டியது. பார்த்தால் அண்ணன். குறுக்குப் பாதையில் ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். ஏழு வருஷம் கழித்து என் வாசலில் என் அண்ணன் நிற்கிறார், அதுவும் சண்டை போட! எனக்கு அந்தச் சண்டையையே கும்பிடத் தோன்றியது.

"கஜேந்திரன் எங்க?"

இவர் வெளியே வந்தார். "என்ன?"

"ஒன் ஆளுங்க எதுக்கு எனக்குப் போட்டாங்க? யாரு கேட்டா? எனக்குப் பிச்சை போடுறியா?"

"நான் போடச் சொன்னேனா? ஒங்க ஆளுங்க எதுக்கு எனக்குப் போட்டாங்க? அத மொதல்ல சொல்லுங்க."

கோபப்பட இரண்டு பேருக்கும் ஆசை, ஆனால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு ஓட்டுப் போட்டுவிட்டாய் என்று யாரையாவது திட்ட முடியுமா?

அப்போது குறுக்குப் பாதையில் இன்னொரு ஆள் தட்டுத்தடுமாறி வருவது தெரிந்தது. அண்ணனின் சம்சாரம், நிஷாந்தி மதினி. அண்ணன் அடிதடியில் இறங்கிவிடுவார் என்று பயந்து பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். வாசலுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திருட்டு முழி என்பார்களே, அது மதினி முகத்தில் அப்படியே இருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கவேண்டும்.

"மதினி, நீங்களா?" என்றேன்.

"அடிப் பாவி, நீயா?" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மதினி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆண்கள் இரண்டு பேரும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள்.

மதினிதான் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "மேற்கணக்கு ஆளுங்க தலைவர் பேச்ச மீறவே மாட்டாங்க, நாமதான் மாறணும்னு எங்க பொம்பளைங்ககிட்ட நாந்தாங்க சொன்னேன். எங்க மலைக் கொழுந்துச்சாமி கல்லுல சத்தியம் வாங்குனேன். கஜேந்திரன் தம்பி ஜெயிச்சா, ஜீவா வீட்டுக்கு மாலை போடவாச்சும் நீங்க ஏறி வருவீங்கன்னு பாத்தேன். எத்தன வருஷந்தான் அந்தப் புள்ள காது மூளியா இருக்கும்?"

ஒரு வார்த்தை மாறாமல் நான் மலையில் சொன்னது. இரண்டு கணக்குப் பெண்களும் ஒருவருக்கொருவர் கைகொடுத்திருக்கிறோம், ஒருவரையொருவர் கேட்காமல். நிரையில் என்றால் பக்கத்தில் நிற்கிறவள் கண்ணுக்குத் தெரிவாள். இங்கே நடுவில் ஒரு மலை இருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

நான் என் பங்கையும் சொல்லி முடித்தேன். இவர் என்னை முறைத்தார். "வீட்டுக்குள்ளயே ஆப்பு வச்சிருக்கா" என்றார். குரலில் அவ்வளவு சூடு இல்லை.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "மேற்கணக்குல எனக்கு அவ்வளவு ஓட்டா?" என்று, யாரையும் பார்க்காமல் கேட்டார். கேட்கும்போது மீசை கொஞ்சம் தூக்கினாற்போல இருந்தது.

"கீழ்க்கணக்குல நான்தான் முதல்ல" என்றார் இவர், அவரும் யாரையும் பார்க்காமல்.

தன் சொந்தக் கணக்கில் ஜெயிப்பதில் என்ன பெருமை? எதிராளியின் கணக்கில் முதலாவதாக வருவது சும்மாவா? ஓட்டுப் போட்டவர்கள் தன்னை நினைத்துப் போடவில்லை என்பது இரண்டு தலைவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருந்தார்கள். அதைக் கெடுக்க எனக்கென்ன பைத்தியமா?

அந்த நேரம் பார்த்துத் தயானி தூங்கி எழுந்து வந்தாள். காதில் நேற்று ஒட்டிய மினுக்குத் தாள், பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அவளைக் கோயிலிலும் கடையிலும் தூரத்திலிருந்து பார்த்திருப்பார். பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல்தடவை. குனிந்து அந்தத் தாளைத் தொட்டார்.

"என்னாம்மா இது?"

"தோடு" என்றாள் அவள். "நீங்க யாரு?"

என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன் மாமாடா" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "மாப்ள, வர்ற வெள்ளிக்கிழமை நாள் எப்புடி?"

"நல்ல நாள்தான் மச்சான்" என்றார் இவர். காலண்டரைப் பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் இரண்டு கணக்கு ஆட்களும் கூடிவிட்டார்கள். ஆசாரி வந்து உட்கார்ந்தார். அண்ணன் தேங்காய், பழம், பட்டுப்பாவாடை என்று தட்டு வரிசையோடு அந்தப் பாதையில் நடந்தே வந்தார். ஊசியை எடுக்கிற நேரத்தில் கீழே வளைவில் ஒரு வண்டி உறுமிற்று. மகாலிங்கம் முதலாளியின் ஜீப். சில்லு சேற்றில் புதைந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயித்த இத்தனை வருஷத்தில் அந்த வளைவு வரைக்கும் கூட அவர் வந்ததில்லை.

என் வீட்டுக்காரரும் அண்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு பேரும் தோளோடு தோள் கொடுத்துத் தள்ளினார்கள். "ஒண்ணா சேர்ந்து இந்த ஆளத்தான் தள்ளிவிடணும்னு பாத்தோம்" என்று அண்ணன் சொல்ல, இவர் சிரித்துச் சிரித்துச் சேற்றில் விழப்போனார். முதலாளி கையில் ஒரு பரிசுப் பெட்டியோடு, சப்பாத்தெல்லாம் சேறாக, மேலே ஏறி வந்தார்.

"கேள்விப்பட்டேம்மா" என்று என்னிடம் நேராகச் சொன்னார். "முன்னெல்லாம் மேல குடை, கீழ சாவின்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லலாம். இப்ப எந்த ஓட்டு எங்க போகும்னே தெரியலயே. ராத்திரி தூக்கம் வரல. இந்த வளைவுக்குக் கல்லு இறக்கச் சொல்லியிருக்கேன். நாளைக்கே லொறி வரும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஓட்டு எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த வரைக்கும் எங்களைத் தேடி ஒருவரும் வரவில்லை. கைகொடுத்தது வீண் என்று நினைத்தேன். வீணாகவில்லை.

தயானியைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தேன். ஏழு வயதுப் பிள்ளை, கால் இரண்டும் தரையைத் தொட்டது. ஊசி இறங்கும்போது மாமனின் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். இவர் அவள் தலையை அசையாமல் பிடித்திருந்தார். அந்த மூன்று தலையும் ஒன்றாகச் சேர்ந்திருந்ததைப் பார்த்து, இனி எனக்கு எந்தத் தேர்தலும் வேண்டாம் என்றுகூட நினைத்தேன். வயிறு குளிர்ந்தது.

இரண்டு காதிலும் தோடு ஏறியதும் அண்ணன் நிமிர்ந்தார். "அது சரி ஜீவா, அடுத்த தடவ யாருக்குப் போடப்போற?"

"சொல்லமாட்டேன் அண்ணே."

அண்ணன், என் வீட்டுக்காரர், முதலாளி, மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். அத்தனை வருஷத்தில் என் மனதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் தேடிப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பக்கம் மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையின் காதுக்கு வைத்துவிட்டு, எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டேன்.